டர்பனில் கிடைத்த தஞ்சாவூர்ப் பெயர்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "ஹாஸ்டல் நினைவுகளாவது எழுதுப்பா" என்றார்கள். மெஸ் சாம்பாரையும் மூன்றாம் செமஸ்டர் அரியரையும் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் பேட்ச்சில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த இடத்தை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் எழுத வந்தது ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியைப் பற்றி. 1890-களின் பிற்பகுதியில், இருபத்திரண்டு வயதில், தஞ்சாவூர் ஜில்லாவின் ஒரு நெல் வயல் கிராமத்திலிருந்து கப்பலேறிப் போய், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பூமிக்கு அடியில் கரி வெட்டியவர் அவர்.

"தஞ்சாவூர்க்காரனுக்கும் நிலக்கரிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். நமக்குத் தெரிந்த கரி நெய்வேலிக் கரி. அது 1956-க்குப் பிறகு வந்த கதை. இது அதற்கும் அறுபது வருஷம் முந்தியது.

எனக்கு இது எப்படித் தெரிய வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக்கல், கன்வேயர் வேலை. கப்பலில் நிலக்கரி ஏற்றும் ஒரு திட்டத்துக்காகக் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் எட்டு மாதம் இருந்தேன். அங்கே எங்களோடு வேலை பார்த்த ஒரு ஃபோர்மேன், ஐம்பதைத் தாண்டியவர், தமிழ்க் குடும்பத்தவர். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார். அவர் வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். ஆனால் தமிழ் பேச வராது. அவருக்குத் தெரிந்த தமிழ் உறவு முறைகள்தான். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். மற்றதெல்லாம் இங்கிலீஷ். ஒரு நாள் டீ நேரத்தில் ஒரு காகிதத்தை நீட்டி, "தம்பி, நீ டான்ஜோர்தானே? இது எங்கள் பூட்டன். இந்த ஊர் எங்கே இருக்கிறது, பார்த்துச் சொல்" என்றார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. அந்தக் காகிதம் என்ன, அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கப்பல் பட்டியல்

1860 நவம்பர் 16-ம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. நடுவில் சில வருஷம் நின்று, 1874-ல் மறுபடி தொடங்கி, 1911-ல் இந்திய அரசு நிறுத்தும் வரைக்கும் போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை ராஜதானியிலிருந்து. வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து போனவர்கள் மிக அதிகம். நம் தஞ்சாவூரும் பட்டியலில் உண்டு.

இவ்வளவு துல்லியமாக எண்ணிக்கை சொல்ல முடிவதற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து எழுதி வைத்திருக்கிறார்கள். எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாகக் கட்டங்கள். மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சுரேந்திர பானா என்ற வரலாற்றாசிரியர் 1902 வரையிலான பட்டியல்களை ஆராய்ந்து 1991-ல் புத்தகமாக வெளியிட்டார். பிறகு குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் வழியாக இவை கணினியிலும் வந்துவிட்டன. அண்ணன் நீட்டிய காகிதம் அதிலிருந்து எடுத்த ஒரு வரி.

இந்த விவரங்களை அவர்கள் பாசத்தில் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆள் ஓடிப்போனால் அடையாளம் கண்டு பிடிப்பதற்காக எழுதியது. நம் ஆளுக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு. அந்தத் தழும்பு கருக்கரிவாள் பட்டதா, மாடு முட்டியதா என்று பதிவேட்டில் இல்லை. ஆனால் பூட்டனின் தழும்பு எந்தக் காலில் என்று, ஃபோட்டோவே இல்லாத ஒரு குடும்பத்துக்கு இன்றைக்குத் தெரிகிறது. என் பூட்டனாரைப் பற்றி எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது.

கரும்புக்குப் போனவர் கரிக்குப் போனது

கப்பலேறும்போது யாருக்கும் எந்த முதலாளி என்று தெரியாது. டர்பனில் இறங்கிய பிறகுதான் அதிகாரிகள் பிரித்து அனுப்புவார்கள். ஒரே கப்பலில் வந்தவர்களில் ஒருவர் கரும்புக்கு, ஒருவர் தேயிலைக்கு, ஒருவர் ரயில்வேக்கு, ஒருவர் சுரங்கத்துக்கு. ஒப்பந்தம் ஐந்து வருஷம். கூலி முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி, ஐந்தாம் வருஷம் 14 ஷில்லிங். அதோடு அரிசி, பருப்பு முதலான ரேஷன். வேலைக்கு வராத நாளுக்குக் கூலியும் போகும், அபராதமும் உண்டு.

சுரங்கத்துக்கு ஆள் தேவைப்பட்டது ரயிலால். டர்பனிலிருந்து உள்நாட்டுக்குப் போன இருப்புப்பாதை 1886-ல் லேடிஸ்மித்தையும், 1891-ல் எல்லையிலுள்ள சார்ல்ஸ்டவுனையும் எட்டியது. வழியில் டண்டி, நியூகாஸில் வட்டாரங்களில் மலைச் சரிவுகளுக்குள் கரிப் படுகைகள். டண்டி கோல் கம்பெனி 1889-ல் தொடங்கியது. கரி ரயிலுக்கும் வேண்டும், டர்பன் துறைமுகத்துக்கு வரும் நீராவிக் கப்பல்களுக்கும் வேண்டும். மளமளவென்று சுரங்கங்கள் பெருகின. ஆப்பிரிக்கத் தொழிலாளர்களோடு இந்திய ஒப்பந்தக் கூலிகளையும் இறக்கினார்கள்.

அப்போதைய வேலை முறையை நம் மாணவ நண்பர்களுக்காகச் சொல்கிறேன். படுகைக்குள் தெருப்போல வெட்டிக்கொண்டே போவார்கள். மேற்கூரை விழாமல் இருக்க நடுநடுவே கரியையே தூணாக விட்டு வைப்பார்கள். வெட்டுவது கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்ட கைகள். வெட்டிய கரியைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தண்டவாளத்தில் வெளியே தள்ள வேண்டும். காற்றோட்டம் குறைந்தால் வாயு சேரும். வாயு சேர்ந்த இடத்தில் ஒரு பொறி போதும். தண்ணீரில் நின்று நாற்றுப் பறித்த ஆள், குனிந்தபடி, கைவிளக்கு வெளிச்சத்தில், கருந்தூசியில். வேலையின் கடுமையை நாம் கற்பனை செய்துகொள்ளலாம். தினமும் வானத்தைப் பார்த்து வேலை செய்தவனுக்கு அந்த இருட்டு எப்படி இருந்திருக்கும் என்பது என் கற்பனைக்கு எட்டவில்லை.

நம் ஆள் போய்ச் சேர்ந்த கொஞ்ச காலத்தில் போயர் யுத்தம் வந்தது. 1899 அக்டோபர் 20-ல் டண்டிக்கு அருகே தலானா குன்றில் சண்டை. ஓரிரு நாளில் பிரிட்டிஷ் படை ஊரைக் காலி செய்தது. 1900 மே வரை அந்தப் பகுதி போயர்கள் கையில். சுரங்க வேலை நின்று, ஆட்கள் தெற்கே அகதிகளாக நடந்தார்கள். ஒப்பந்தக் கூலிக்கு யுத்தம் விடுமுறை இல்லை. அமைதி திரும்பியதும் மறுபடி சுரங்கம்.

மூன்று பவுன்

ஐந்து வருஷம் முடிந்தால் வெளியே வந்துவிடலாமே? அங்கேதான் ஒரு சட்டம் குறுக்கே நின்றது. 1895-ல் நேட்டால் கொண்டுவந்த 17-ம் எண் சட்டம் என்ன சொன்னது என்றால், ஒப்பந்தம் முடிந்தவர் ஒன்று ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் மறு ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க வேண்டும், இரண்டும் இல்லாமல் அங்கேயே சுதந்திரமாக இருக்க வேண்டுமானால் தலைக்கு வருஷம் 3 பவுன் வரி கட்ட வேண்டும். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். 14 ஷில்லிங் மாதக் கூலி வாங்கியவனுக்கு நாலு மாதச் சம்பளத்துக்கும் மேல். புருஷனுக்கு மூன்று, பெண்டாட்டிக்கு மூன்று. 1903-ல் பதினாறு வயதுப் பையன்களுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்களுக்கும் சேர்த்து நீட்டினார்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு வருஷம் 12 பவுன்!

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். வரி கட்ட முடியாதவன் மறுபடி கைநாட்டு வைப்பான். கரிச் சுரங்கத்துக்கு ஆள் தட்டுப்பாடு இருக்காது. ஐந்து வருஷத்துக்கென்று போன நம் ஆள், 1913-லும் சுரங்கத்தில்தான் இருந்தார் என்று அண்ணன் குடும்பத்தில் சொல்கிறார்கள். போகும்போது இருபத்திரண்டு வயது. அப்போது நாற்பதை நெருங்கியிருப்பார்.

1913-ல் நடந்தது பாடப் புத்தகத்தில் நாம் படித்ததுதான். ஆனால் அதன் நடுவில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது என்பதை நான் கவனித்ததில்லை. தம்பி நாயுடுவோடு டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள் பதினோரு பேர், பெரும்பாலும் தமிழ்க் குடும்பப் பெண்கள், அக்டோபர் மாதம் நியூகாஸில் சுரங்கங்களுக்குப் போய், "மூன்று பவுன் வரி நீங்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள்" என்று தொழிலாளர்களிடம் பேசினார்கள். பேசியதற்கு மூன்று மாதச் சிறை. ஆனால் வேலைநிறுத்தம் பற்றிக்கொண்டது. ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு கம்பெனிக் குடியிருப்புகளை விட்டு வெளியேறினார்கள். நவம்பர் 6-ம் தேதி சார்ல்ஸ்டவுனிலிருந்து எல்லையைத் தாண்டி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தி எழுதி வைத்திருக்கிறார். பால்ஃபோரில் தடுத்து ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். சிறையில் இடம் போதாமல் சுரங்க வளாகங்களையே சிறை என்று அறிவித்து, கம்பெனி ஊழியர்களையே வார்டர்களாக்கினார்கள். வெட்டிய சுரங்கமே சிறையானது. அடுத்த வருஷம், 1914-ல், வரி ரத்து.

இதே போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் தன் பதினாறாவது பிறந்த நாளில் இறந்தவர் வள்ளியம்மை. பிறந்தது ஜோகன்னஸ்பர்க். பெற்றோரின் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்துத் தில்லையாடி. அவர்கள் ஒப்பந்தக் கூலிகள் அல்ல, வியாபாரம் செய்தவர்கள். 1915-ல் காந்தி தில்லையாடிக்கே வந்தார். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. நம்மில் பலர் ஸ்கூல் டூரில் பார்த்திருப்போம். வள்ளியம்மைக்கு ஊர் கிடைத்தது. அவர் யாருக்காகச் சிறை போனாரோ, அந்தச் சுரங்கத்து ஆட்களின் ஊர்களைத் தேடுவதுதான் கஷ்டம்.

இந்தப் பக்கம் தேடியது

ஊருக்கு வந்த பிறகு, லீவு நாட்களில் தேட ஆரம்பித்தேன். முதலில் தாலுகா. அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவில் ஒன்பது தாலுகாக்கள்: தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், சீர்காழி, நன்னிலம், நாகப்பட்டினம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை. 1991-ல் நாகை, 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை என்று மாவட்டங்கள் பிரிந்ததால், இன்றைய வரைபடத்தை மட்டும் வைத்துத் தேடினால் தப்பான இடத்தில் நிற்போம். அடுத்தது எழுத்து. குமாஸ்தா காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதினார். அதைக் கண்ணால் படிக்கக் கூடாது. வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும். எங்கள் அம்மாதான் மூன்றாவது தடவையில், "டேய், அது இன்ன ஊர்டா" என்றார். அதே பெயரில் அந்தத் தாலுகாவில் இரண்டு கிராமம்.

ஆளைத் தேடப் பழைய நிலப் பதிவுகளுக்குப் போனேன். அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் குடும்பத்துக்கும் அதே தாலுகாவில் கொஞ்சம் நிலம் இருந்தது. 1890-களின் செட்டில்மெண்ட் காலத்துப் பதிவில் எங்கள் முன்னோர் பெயர், தகப்பனார் பெயர், புல எண், நஞ்சை எவ்வளவு, தீர்வை எவ்வளவு எல்லாம் சிரமமில்லாமல் கிடைத்துவிட்டது. நம் ஆள் இல்லை. இருக்கவும் முடியாது. அந்தக் கணக்குகள் நிலத்தின் கணக்குகள். நிலம் உள்ளவனுக்குத்தான் அதில் பெயர். அந்த நிலத்தை உழுது, நட்டு, அறுத்த பண்ணையாளுக்கு அதில் ஒரு கட்டமே கிடையாது. ஜனத்தொகைக் கணக்கில் அவர் ஓர் எண்ணிக்கை. பண்ணைக் கணக்கில் இத்தனை கலம் நெல் கொடுத்தது.

தஞ்சாவூர் எழுதத் தெரியாத ஊர் இல்லை. பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை, பெயர் சொல்லி, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று எழுதி வைத்திருக்கிறான். விளக்குக்கு 96 ஆடு வாங்கிக்கொண்ட இடையர்களின் பெயரும் இருக்கிறது. மராட்டிய அரண்மனைச் செலவுக் கணக்கெல்லாம் மோடி எழுத்தில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆடு மேய்த்தவரின் பெயர் கிடைக்கிற ஊரில், நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முந்தைய நாற்று நட்டவரின் பெயர் கிடைக்கவில்லை.

தண்ணீர் இல்லாமல் போனவர்கள் என்றும் இவர்களைச் சொல்ல முடியாது. முக்கொம்பில் காட்டன் 1836-ல் மேலணை கட்டிய பிறகு டெல்டாவின் பாசனம் உறுதிப்பட்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மற்ற ஜில்லாக்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் காவிரிப் பாசனம் தஞ்சாவூரைப் பெருமளவு காப்பாற்றியது. தண்ணீர் இருந்தது, நெல் இருந்தது. நெல்லில் பங்கு இல்லை. அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று 1843-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் கடனும் குடியிருப்பு மனையும் மிராசுதாரிடம் இருந்தவரை பண்ணையாள் எங்கே போவது? தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வர 1952 வரை ஆயிற்று. இப்படிப் பார்த்தால், கங்காணியோ ஏஜெண்டோ ஏமாற்றித்தான் கூட்டிப் போனான் என்று நாம் வழக்கமாகச் சொல்வது பாதிக் கதைதான். ஏமாந்தவர்கள் உண்டு. தெரிந்தே கிளம்பியவர்களும் உண்டு.

இரண்டு கிராமத்தில் எது என்பதைத் தீர்த்து வைத்தது குலதெய்வம். அண்ணனின் அத்தை ஒருவர், எண்பது வயதுக்கு மேல், தீபாவளிக்கு முன்னால் படையல் போடும்போது சொல்லும் ஒரு சாமி பெயரை வைத்திருந்தார். அர்த்தம் தெரியாது, பெயர் மட்டும் தெரியும். இரண்டு ஊரில் ஒன்றில், வாய்க்கால் கரையில், அதே பெயரில் ஒரு சாமி இருக்கிறது. தெருவில் பெரியவர்களிடம் கேட்டேன். ஒரு பாட்டி சொன்னார்: "பினாங்குக்குப் போனவங்க பேரு தெரியும் தம்பி. அதுக்கு முந்திக் கப்பலேறினவங்கள யாரு கண்டா? போனவங்க போனவங்கதான்." சொந்தம் இன்னார் என்று காட்ட யாரும் இல்லை. அதற்கு மேல் நான் அடித்துச் சொல்லவும் மாட்டேன். கோயிலைப் படம் எடுத்து அனுப்பினேன். அத்தை அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுவிட்டார் என்று செய்தி வந்தது.

அந்தப் பட்டியலில் தகப்பனார் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது என்றேன் அல்லவா? பதிவேட்டுக்காரர்கள் கேட்டதால் பையன் சொன்னான், எழுதிக்கொண்டார்கள். அந்தத் தகப்பனார் கப்பலேறவில்லை. கடைசி வரை இதே வாய்க்கால் கரையில் உழைத்து இங்கேயே மண்ணோடு போயிருப்பார். ஆனால் அவர் பெயரை இங்கே எந்தக் காகிதத்திலும் நான் பார்க்கவில்லை. ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி டர்பனில் இருக்கிறது. அதுதான் பிறகு குடும்பப் பெயராகி, அண்ணனின் பாஸ்போர்ட்டிலும் ஏறியிருக்கிறது. போன மகனைக் கட்டிப்போட எழுதிய காகிதம், போகாத தகப்பனையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. கிராமத்தில் இருந்தவர்கள், எங்கள் வீட்டாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்த அளவுகூட எழுதி வைக்கவில்லை.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் கல்லூரியில் படித்தவர்கள் டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும், பினாங்கிலும், மொரீஷியஸிலும், ஃபிஜியிலும் வேலை பார்க்கிறார்கள். இந்த மாதிரி ஒரு காகிதம் உங்கள் கைக்கும் வரலாம். "நமக்கெதுக்கு" என்று விட்டுவிடாதீர்கள். முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். பெயரைவிட அது நம்பகமானது. பழைய தாலுகாவைப் பாருங்கள். ஊர்ப் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகை வட்டாரத்து ஞானஸ்நானப் பதிவேடுகளையும் விசாரியுங்கள். அங்கே நிலம் இல்லாதவர்களின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். அரசுக் கடிதங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

வருவாய்த் துறையிலும் நில அளவையிலும் இருக்கும் நம் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1980-ல் கர்ணம் பதவி போன பிறகு, பழைய கிராமக் கணக்குகள் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. பிறப்பு இறப்புக் கணக்கு, பண்ணைக் கூலிக் கணக்கு என்று எது கண்ணில் பட்டாலும் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஒரு பண்ணையாளின் பெயராவது அதில் இருந்தால், படம் எடுத்து வையுங்கள்.

இதே போன்ற தேடலில் இருப்பவர்கள், அல்லது யாராவது தேடிக்கொண்டிருப்பதை அறிந்தவர்கள், நம் சங்கத்தின் மூலமாக எனக்குத் தகவல் கொடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கிராமம் கிராமமாகப் போகத் தயார். மோட்டார் சைக்கிள் இருக்கிறது, அம்மாவின் காதும் இருக்கிறது.